சக்கரவர்த்தியின் தாடை

ஸ்பிரிங்வெளித் தோட்டம், மேற்பிரிவு, பதுளை
2024 ஏப்ரல் 7

என் கட்டச்சிக்கு,

உன் அக்கா மாரியாயி எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நானும் உன் அத்தானும் இருக்கிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். போன் இல்லை. அது நம் பிள்ளை கஜேந்திரனின் சட்டைப் பையில் இருந்தது. அவன் ஓடி விழுந்த இடத்தில் கல்லில் பட்டு நொறுங்கிவிட்டது. பதுளையில் இரண்டு கடையில் கொடுத்துப் பார்த்தோம். உள்ளே இருந்த எதையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டாரின் போனில் நீ பேசினபோது என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. எழுதினால் எழுதி முடிக்கிற வரைக்குமாவது அழாமல் இருக்கிறேன்.

நீ கேட்டதை இப்போது சொல்கிறேன். மாசி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விறகுக்குப் போனான். மேல்மலையில் சவுக்கு மரத்தில் குளவிக்கூடு இருந்திருக்கிறது. காற்று அடித்ததோ, பருந்து கொத்தினதோ, கூடு கலைந்துவிட்டது. பதுளைக்குக் கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டான். வயது பதினேழு.

முகம் முழுக்க வீங்கிவிட்டது கட்டச்சி. கண் இருந்த இடம் தெரியவில்லை. பெட்டியில் வைத்தபோது கீழ் லயத்துப் பொம்பளை ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "பாவம், இப்பத்தான் மூஞ்சி நேரா இருக்கு" என்றாள். கெட்ட மனசோடு சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்.

இப்போது கண்ணை மூடினால் அந்த வீங்கின முகம்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருந்த முகம் வரமாட்டேன் என்கிறது. பதினேழு வருஷம் பார்த்த முகம். பெட்டியோடு எடுத்த படத்தை அத்தான் கிழித்துப் போட்டுவிட்டார். அவன் உயிரோடு இருக்கிற படம் ஒன்றும் வீட்டில் இல்லை. மாசியில் வருஷத் திதி வரும். சுவரில் படம் இல்லாமல் எதற்கு முன்னால் நான் சோறு வைப்பது?

உன்னிடம் ஏதாவது இருக்கிறதா? பெட்டி எல்லாம் கொட்டித் தேடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மாட்ரிட்
2024 மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயலெட்சுமி எழுதுகிறேன். நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீ கஞ்சியாவது குடிக்கிறாயா? அத்தானையும் குடிக்க வை. உன் கடிதம் வர இருபத்தாறு நாள் ஆகிவிட்டது.

தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. 2012இல், இங்கே வருவதற்கு முன்னால், நான் குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்டபோது பையில் வைத்துக்கொண்டு போனது. உன் மடியில் உட்கார்ந்திருக்கிறான், ஐந்து வயது. இதோடு வைத்திருக்கிறேன்.

வேறு எப்படி இருக்கும் அக்கா? நாம் வீடியோவில் பேசும்போதெல்லாம் போனைப் பிடித்தது அவன்தானே. "சித்தி, சத்தம் கேக்குதா? அம்மா தெரியிறாங்களா?" என்று குரல் மட்டும் வரும். நீதான் தெரிவாய். ஒரே ஒரு தடவை போன் கை நழுவி, ஒரு விநாடி அவன் முகம் வந்து போனது. வளர்ந்த பிள்ளையாக நான் அவனைப் பார்த்தது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் வகுப்புப் படம் எடுப்பார்களே, அங்கே போய்க் கேள். அவன் படித்தது எட்டு வரைக்கும். ஒன்றிலாவது இருக்க வேண்டும்.

என் வேலை உனக்குத் தெரியும். இது பெரிய ஓவியக்கூடம். சனங்கள் வருவதற்கு முன்னால் தரை துடைத்து முடிக்க வேண்டும். சுவர் முழுக்க, செத்துப்போனவர்களின் முகங்கள். அதில் ஒரு படத்தைப் பற்றி உனக்கு எழுத நினைத்தேன். வேண்டாம், இப்போது வேண்டாம்.

அத்தானுக்கு என் அன்பு.

கட்டச்சி


ஸ்பிரிங்வெளி
2024 ஜூன் 23

கட்டச்சிக்கு,

நீ சுகமாக இருக்கச் சாமியைக் கும்பிடுகிறேன். எனக்குக் கை விரல்கள் வலி. பறிக்கிற தேயிலைக் கொழுந்து நனைந்து வருகிற காலம்.

படம் வந்தது. என் பிள்ளைதான். ஆனால் போன பிள்ளை அது இல்லை. அப்போது தாடை எல்லாரையும் போலத்தான் இருந்தது. ஒன்பது வயதுக்கு மேல்தான் கீழ்த்தாடை முன்னால் வளர ஆரம்பித்தது. பிறகு பல்லோடு பல் சேரவில்லை, வாய் மூடவில்லை. லயத்துப் பிள்ளைகள் "கரண்டி" என்று பெயர் வைத்தார்கள். பிறகு பெரியவர்களும் அதைத்தான் கூப்பிட்டார்கள், கோபம் இல்லாமல். உனக்கு இதை நான் எழுதினதில்லை.

ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எலும்பு வளர்ந்து முடியட்டும், பதினெட்டுக்குப் பிறகு வாருங்கள் என்றார். அடையாள அட்டைக்குக்கூடப் படம் எடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து புது முகத்தோடு எடுக்கலாம் என்று இருந்தோம்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஐந்துக்கு முந்தின வகுப்புப் படங்கள் அவர்களிடம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படத்தில் எல்லாப் பிள்ளையும் இருக்கிறது. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல், போகவில்லை. அதற்குப் பிறகு எடுத்ததிலும் இல்லை.

ஏழு வீட்டில் கல்யாண ஆல்பம், சடங்கு ஆல்பம், போன் எல்லாம் வாங்கிப் பார்த்தேன். அத்தனையிலும் அவன் எடுத்த படம் இருக்கிறது. அவன் இல்லை. இந்த லயத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவன்தானே எடுப்பான். ஒரு வீட்டில் சடங்கான பிள்ளையின் அம்மா அழுதுவிட்டாள். "எங்க எல்லாரையும் அழகா எடுத்துக் குடுத்துச்சே அக்கா" என்றாள்.

நீ எழுதாமல் விட்ட படம் எது? எதுவாக இருந்தாலும் எழுது. இப்போது எனக்கு வேண்டாம் என்று ஒன்றும் இல்லை.

அக்கா


மாட்ரிட்
2024 ஜூலை 28

அன்பு அக்கா,

உன் விரலுக்கு ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர்கள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

கேட்டாய், எழுதுகிறேன். கோபப்படாதே.

நான் துடைக்கிற பெரிய அறையில் ஒரு சக்கரவர்த்தி இருக்கிறார். கார்லோஸ் என்று பெயர். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாடு, ஜெர்மனி, இத்தாலியில் ஒரு பங்கு, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேசங்கள் எல்லாம் அவர் கைக்குள். இரும்புச் சட்டை போட்டு, ஈட்டி பிடித்து, கருங்குதிரையில் போகிறார். இன்னொரு படத்தில் பெரிய நாயோடு நிற்கிறார். இரண்டையும் வெனிஸ் ஊர்க்காரர் ஒருவர் வரைந்தாராம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் குதிரைக்கு முன்னால் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். அந்தத் தாடை. தாடியால் மூடியிருக்கிறார்கள், இருந்தாலும் தெரிகிறது. போனில் ஒரு விநாடி பார்த்தேனே, அந்த முகம்.

அங்கே காவலுக்கு நிற்கிற பிலார் என்ற பெண்ணிடம் கேட்டேன். பரம்பரையாக வந்த தாடையாம். பல் சேராது, வாய் மூடாது, மெல்ல முடியாது. அதனால் யாரோடும் சேராமல் தனியாகச் சாப்பிடுவாராம். கஜா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவான் என்று நீ ஒரு தடவை போனில் சொன்னாய். வரைகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அந்தத் தாடையை உள்ளே தள்ளித்தான் வரைவார்களாம்.

அதே கூடத்தில் அவர் மனைவியின் படமும் இருக்கிறது. அவள் செத்த பிறகு வரைந்தது. வரைந்தவர் அவளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வேறு யாரோ சுமாராக வரைந்ததை வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். அப்படி வரைந்து வந்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, மூக்கு சரியில்லை, திருத்து என்று சக்கரவர்த்தி சொல்லி அனுப்பினாராம். கடைசிக் காலத்தில் ராஜ்யத்தை எல்லாம் விட்டுவிட்டு ஒரு மடத்துக்குப் போனபோது, அவள் படத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

குதிரைப் படம் அச்சடித்த அட்டை ஒன்று அனுப்புகிறேன். பார்.

கட்டச்சி


ஸ்பிரிங்வெளி
2024 ஆகஸ்ட் 25

ஜெயலெட்சுமிக்கு,

அட்டை வந்தது. நான் சுகம்.

என் பிள்ளையை இங்கே கரண்டி என்றார்கள். ராஜா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ராஜாவுக்கு அப்படித் தாடை இருந்தால் வரைகிறவன் தள்ளி வரைவான், தாடி வைத்து மூடுவான். என் பிள்ளைக்குத் தாடி முளைக்கிற வயதே வரவில்லை. தாடி வைத்த கிழவனைக் குதிரையில் ஏற்றி அனுப்பிவிட்டு, பார் அக்கா என்கிறாய். எதைப் பார்க்க?

அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். சோறு போட்டவள் நான்.

மாரியாயி


மாட்ரிட்
2024 செப்டெம்பர் 22

அக்கா,

திட்டு. நான் உன் தங்கச்சிதானே, வேறு யாரைத் திட்டுவாய்.

ஆனால் இதைப் பார்த்துவிட்டுத் திட்டு. இங்கே உள்ள புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி, இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்தேன். அதே சக்கரவர்த்திதான். பதினாறு வயதில். அப்போது தாடி இல்லை. வரைந்தவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

சாப்பிடு அக்கா.

கட்டச்சி


ஸ்பிரிங்வெளி
2024 ஒக்டோபர் 27

என் கட்டச்சிக்கு,

நீ சுகமாக இரு. நான் எழுதின போன கடிதத்தை எடுத்து அடுப்பில் போடு.

அந்தப் பக்கம் வந்த அன்று உறையைப் பிரித்து, ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். பெரிய கறுப்புத் தொப்பி, கழுத்துச் சங்கிலியில் செத்த ஆடு மாதிரி ஒன்று தொங்குகிறது, வெளுத்த முகம். அடுத்த நாள் எடுத்துச் சாமித் தட்டில் விளக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது.

அடுத்த காம்பராவில் நிஷாந்தினி என்று நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. கஜாவின் முதுகிலேயே வளர்ந்தது. அம்மாவோடு உள்ளே வந்தவள், தட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"கரண்டி அண்ணே! அம்மா, கரண்டி அண்ணே தொப்பி போட்டுருக்கு!"

அவள் அம்மா பதறி, பிள்ளை வாயில் ஒரு அடி வைத்தாள். "அடிக்காதடி" என்று நான் பிள்ளையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "எங்க தங்கம், இன்னொரு தடவ சொல்லு. அது யாரு?"

"கரண்டி அண்ணேதான். வாயப் பாருங்க பெரியம்மா, தொறந்துருக்கு."

கட்டச்சி, அப்போதுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமையே பதுளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நௌபர் நானாவின் ஸ்டூடியோ, எல்லாருக்கும் அண்ணன் மாதிரி அவர். செத்தவர்களின் பழைய படத்தைப் பெரிசாக்கி, கோட்டும் டையும் போட்டு, மூடின கண்ணைத் திறந்து கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நம் தோட்டத்தில் பாதிச் சுவர் அவர் வேலைதான்.

"இது ஆரு தங்கச்சி? வெள்ளக்கார ராஜா மாதிரி இரிக்கி" என்றார்.

"என் மகன் நானா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னார்.

"நான் சாரத்தோட செத்துப் போனவங்களுக்கும் கோட்டு போட்டிரிக்கேன். ஆனா ராஜாட கோட்டக் கழட்டிச் சட்ட போடுறது இதுதான் மொதல் தரம். சரி, பாப்பம். நெறத்த மாத்தோணும். கண் என்ன மாதிரி?"

"அவங்க அப்பா கண்ணு." பர்சில் இருந்த அத்தானின் சின்னப் படத்தைக் கொடுத்தேன்.

"காது?"

"கொஞ்சம் விரிஞ்சு இருக்கும்."

"மூக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சக்கரவர்த்திக்குப் பெண்டாட்டி செத்த பிறகும் மூக்கு சரியில்லை என்று தெரிந்தது. பெற்றவள் எனக்குத் தெரியவில்லை. நானா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப இப்ப இரிக்கிற மூக்கே இரிக்கட்டும்" என்று மெல்லச் சொன்னார்.

இரண்டு கிழமையில் வரச் சொல்லியிருக்கிறார். தீபாவளி வருகிறது, நமக்கு இந்த வருஷம் இல்லை. ஆனாலும் படம் கைக்கு வருகிற நாளுக்குக் காத்திருக்கிறேன், அது எனக்கு நன்றாக இருக்கிறது.

அக்கா


ஸ்பிரிங்வெளி
2024 நவம்பர் 17

கட்டச்சிக்கு,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். வைத்திருக்க முடியவில்லை. மழை விடாமல் பெய்கிறது, அத்தானுக்கு இருமல். நீ எப்படி இருக்கிறாய்?

நானா படத்தைக் கண்ணாடி போட்டே வைத்திருந்தார். பெருமையாகத் திருப்பினார். நம் நிறம். அத்தானின் கண். நீலச் சட்டை. இரண்டு கையாலும் வாங்கினேன். பிறகு கீழே பார்த்தேன். தாடை நேர். வாய் மூடியிருக்கிறது.

"என்ன நானா செஞ்சீங்க?"

"அது பாக்க ஒரு மாதிரி இரிந்திச்சு தங்கச்சி. தாய் மனசு நோகும் எண்டு நானே சரியாக்கிட்டேன்." நல்ல மனிதர். முகம் வாடிப்போய் நின்றார்.

வீட்டில் வைத்துத் தகராறு. உன் அத்தான் படத்தைக் கையில் வாங்கினவர் கீழே வைக்கவில்லை. சட்டையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இதே இருக்கட்டும்டி. அங்கயாச்சும் புள்ள நல்லா இருக்கட்டும்."

"இது யாரு? எந்த ஆபிஸ் கிளாக்கர் வீட்டுப் புள்ள? இது என் புள்ள இல்ல."

"திதிக்கு நாலு பேரு வருவாங்க. பாத்துட்டு நல்லதா ஒரு வார்த்த சொல்லட்டுமே."

"அவன் மூஞ்சிய மறைச்சுத்தான் நல்ல வார்த்த வாங்கணுமா?"

அதற்கு அவர் ஒன்று சொன்னார். அதை எழுதவில்லை. அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தபடி அலமாரி மேலே இருக்கிறது.

அக்கா


மாட்ரிட்
2024 டிசெம்பர் 15

அன்பு அக்கா,

இங்கே கடும் குளிர். கை வெடித்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அத்தானின் இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா?

நௌபர் நானாவைக் கோபித்துக்கொள்ளாதே. பெரிய பெரிய ஓவியர்கள் சக்கரவர்த்திக்குச் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். சக்கரவர்த்தியும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. அதுதான் இவ்வளவு பெரிசாக மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் அக்கா. அந்த ராஜா பதினாறு வயதில் வாயைத் திறந்தபடி ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நம் பிள்ளை ஒரு தடவைகூட உட்காரவில்லை. அவனாகவே அப்படி ஆனானா? அத்தான் என்ன சொன்னார்?

கட்டச்சி


ஸ்பிரிங்வெளி
2025 ஜனவரி 26

கட்டச்சி,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். இதை முடித்தவுடனே தபாலில் போட்டுவிடுவேன்.

அத்தான் சொன்னது இதுதான்: "ஊருக்கு முன்னாடி அவன மறைச்சது நீதானடி."

ஐந்தாம் வகுப்புப் படம் எடுத்த அன்று அவனுக்குக் காய்ச்சல் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். நான்தான் இன்றைக்குப் போகவேண்டாம் என்றேன். படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுவார்கள், எத்தனை வருஷம் எத்தனை பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். "எனக்கு ஒண்ணுமில்லயேம்மா" என்றான். "காய்ச்சல் மாதிரி இருக்கு, படு" என்றேன். படுத்துக்கொண்டான். பொய் என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் பூனாகலையில் அத்தானின் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. குடும்பத்தோடு படம் எடுக்க நிறுத்தினார்கள். கஜா என் பக்கத்தில் வந்து, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டோக்காரன், "தம்பி, வாய மூடுப்பா" என்றான். அவனால் மூட முடியாது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன் கட்டச்சி.

பிறகு குனிந்து அவன் கையில் என் போனைக் கொடுத்தேன். "நீ இதுல எடு ராசா, நீதான் நல்லா எடுப்ப" என்றேன். அதுவரைக்கும் அவன் ஒரு படம்கூட எடுத்ததில்லை. வாங்கிக்கொண்டு முன்னால் போனான். எடுத்தான். அதற்குப் பிறகு யாரும் அவனைத் தள்ளி நில் என்று சொல்ல வேண்டி வரவே இல்லை. படம் என்றால் அவனாகவே போனை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விடுவான். கஜாவுக்குப் படம் எடுக்கப் பிரியம் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவன் முகம் எனக்கு வராதது சரிதானே. நான் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது.

பதில் எழுதாவிட்டாலும் கோபமில்லை. சுகமாக இரு.

அக்கா


மாட்ரிட்
2025 பெப்ரவரி 20

அக்கா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திதிக்கு முன்னால் வந்துவிட வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

போன் நழுவி அவன் முகம் தெரிந்தது என்று எழுதினேனே. அப்போது நான் "ஐயோ" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவனுக்குக் கேட்டது. "ஒண்ணுமில்ல சித்தி, போன் விழுந்துருச்சு" என்று உடனே எடுத்து உன் பக்கம் திருப்பிவிட்டான். நான் போன் விழுந்ததற்குத்தான் ஐயோ என்றேன் என்று எனக்காக அவனே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு நானும் அவனை முகத்தைக் காட்டு என்று கேட்கவில்லை.

அறையை மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறேன். குதிரைக்கு முன்னால் துடைக்க முடியவில்லை.

நீ நானாவிடம் திரும்பப் போ. கஜாவை அவன் இருந்த மாதிரியே எடு. வாய் திறந்தபடி. நமக்காக இல்லாவிட்டாலும் அவனுக்காக எடு.

கட்டச்சி


ஸ்பிரிங்வெளி
2025 மார்ச் 7

என் கட்டச்சிக்கு,

உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. உன் கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போடு. நீ எழுதினதை அத்தானிடம் சொல்லவில்லை. உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. எந்த வாயால் நான் உன்னைக் கேட்பது?

அன்றே பதுளைக்குப் போனேன். நானா பழையதை அழிக்காமல் வைத்திருந்தார். திரையில் தாடையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கேட்டார். "இவ்வளவு போதுமா? இன்னம் கொஞ்சமா?" எனக்குக் கண்ணால் பார்த்துச் சொல்ல வரவில்லை. ராஜாவின் தாடையா, பிள்ளையின் தாடையா என்று குழம்பியது. பிறகு எழுந்து போய்த் திரையில் உள்ளங்கையை வைத்தேன். வளர்ந்த பிறகும் பீலித் தண்ணீரில் வைத்து நான் முகம் கழுவிவிடும்போது தாடை என் கையில் வந்து இடிக்கும். "இன்னம் நானா. இன்னம் கொஞ்சம். இந்தா, இங்க." கையை எடுத்தேன். அங்கே இருந்தான்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீங்கின முகம் போய்விட்டது கட்டச்சி. ஒரு வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை என்னைப் பார்த்தான்.

அதைக் கொண்டுவந்து அத்தான் முன்னால் வைத்தேன். பார்த்தார். எழுந்து வெளியே போய் லயத்துக் கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினார்.

"இது அவன்தான். நான் இல்லேன்னு சொல்லல" என்றார். "ஆனா உனக்கு ஒண்ணு தெரியாது. நீ மலைக்குப் போனப்புறம் அவன் கண்ணாடி முன்னாடி நிப்பான். பெருவிரல வச்சுத் தாடைய உள்ளுக்குத் தள்ளிப் புடிச்சுக்கிட்டு நிப்பான். ஒருநா நான் பாத்துட்டேன். வெக்கப்படல. 'அப்பா, ஆபரேஷன் முடிஞ்சா இப்படித்தான் இருப்பேன், நல்லாருக்கா'ன்னான். 'மொதல்ல அம்மாகூட நின்னு ஒரு படம் எடுக்கணும்'னான். அவன் கேட்ட மூஞ்சி அதுதான்டி. அலமாரி மேல இருக்கிறது."

சொல்லிவிட்டு, அதையும் எடுத்து வந்து இதன் பக்கத்தில் வைத்தார்.

நாளைக்குக் காலையில் திதி. நாள் நெருங்கின பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயரிடம் சொல்லியாகிவிட்டது, அரிசி களைந்தாகிவிட்டது, அத்தான் சுவரில் ஆணி அடித்துவிட்டார். ஒரு ஆணிதான். "நீயே மாட்டு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போயிருக்கிறார்.

இரண்டு படமும் பாயில் கிடக்கின்றன. நேர்த்தாடையை மாட்டினால், செத்த பிறகும் ஒரு தடவை அவனை மறைத்தவள் ஆவேன். வாய் திறந்ததை மாட்டினால், அவன் வாழ்நாள் முழுக்க யாரும் பார்க்கக்கூடாது என்று காத்த முகத்தை வருகிற எல்லாருக்கும் காட்டினவள் ஆவேன். நிஷாந்தினி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு அண்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது படையல் முடிந்து மூன்று கிழமை ஆகியிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. இதில் யாரை நான் சுவரில் மாட்டினால் என் பிள்ளை என்னோடு நிற்பான், கட்டச்சி?